தீவுக்கு இரண்டு புள்ளி

சுவீடன் நாட்டுக்கு நான் போனதில்லை. இனிமேல் போகிற உடம்பும் இல்லை. ஆனாலும் அந்த நாட்டின் கிழக்குக் கரையோரம் கிடக்கிற ஒரு சின்னத் தீவில் மொத்தம் எத்தனை கடற்கரை, எதில் மணல், எதில் வழுக்குப் பாறை, சர்ச்சிலிருந்து கலங்கரை விளக்கத்துக்குப் போக எந்த நடைபாதை சுருக்கு என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். நாற்பது சொச்சம் வருஷமாக யாரும் கேட்கவில்லை. கேட்காததையெல்லாம் சொல்கிற வயசு வந்துவிட்டதால் நானே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் அபுதாபியில் இருந்தோம். அபுதாபியும் ஒரு தீவுதான். பாலம் ஒன்று இருந்ததால் அங்கே குடியிருந்தவர்களுக்கே அது ஞாபகம் வருவதில்லை. அப்பா அங்கே டிராஃப்ட்ஸ்மேன். துறைமுகத்தில் கிடங்குகள் கட்டுகிற ஒரு கம்பெனியில் கட்டிடப் படம் வரைகிற வேலை. எங்கள் வீடு ஒரு மளிகைக் கடைக்கு மேலே. கடைக்காரர் கீழக்கரை பாய்; பேரீச்சம்பழத்தைப் பெட்டி பெட்டியாகத் திறந்து வைத்திருப்பார். அதைத் தேடி வருகிற ஈக்கள், பாய் விரட்டினால் படியேறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். ஏசி ஒன்று உண்டு. அது சத்தம் போட்ட அளவுக்குக் குளிரவில்லை.

அப்பாவுக்கு மேலே இருந்த எஞ்சினியர் சுவீடன்காரர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே அதுதான். நல்ல மனிதர். வெயிலில் வெந்து இறால் நிறத்தில் இருப்பார். சைட்டில் வேலை பார்க்கிற பத்து நாட்டு ஆட்களோடும் பேசுவதற்கு அவர் இரண்டே அரபு வார்த்தை கற்றுக்கொண்டிருந்தார். ஏதாவது முடிந்துவிட்டால் 'கலாஸ்', ஏதாவது இல்லையென்றால் 'மாஃபி'. சிமெண்ட் மாஃபி, தண்ணீர் மாஃபி, லாரி மாஃபி. மூன்று வருஷத்தை இந்த இரண்டு வார்த்தையில் ஓட்டிவிட்டார் என்று அப்பா சொல்வார்.

அந்த வருஷத்தோடு அபுதாபி வேலை முடிகிறது. முடிந்தால் கையில் டிக்கெட்டைக் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கம்பெனியின் அடுத்த வேலை சவூதியில், ஜுபைலில். அங்கே யார் யாரைக் கூட்டிப் போவது என்ற பட்டியலைச் சுவீடன்காரர்தான் எழுதப்போகிறார். ஆனால் ஜுபைலில் குடும்பத்துக்கு இடம் கிடையாது, கேம்ப்தான். பெண்டாட்டி பிள்ளை உள்ளவனையும் அங்கே பேச்சிலர் என்றே சொல்வார்கள். ஆக, பட்டியலில் பெயர் வந்தால் அப்பா ஜுபைலுக்கு, நானும் அம்மாவும் திருச்சிக்கு. வராவிட்டால் மூன்று பேரும் திருச்சிக்கு. அப்பாவுக்கு முதலாவது வேண்டும், அம்மாவுக்கு இரண்டாவது வேண்டும். எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு ஏசி என்று சொல்லியிருப்பேன்.

இதைப் பற்றி அவர்கள் ஒரே ஒரு தடவைதான் பேசிக் கேட்டேன். சண்டை போடுகிற தெம்பு இரண்டு பேரிடமும் இல்லை. போதுங்க, ஆறு வருஷமாச்சு, எல்லாரும் போயிடலாம் என்றாள் அம்மா. திருச்சியில் போய் எந்த ஆபீஸ் வாசலில் நிற்பது என்று கேட்டார் அப்பா. அதன் பிறகு வெண்டைக்காய் விலை, தண்ணீர் லாரி வராதது என்று மற்ற விஷயங்களைத்தான் பேசினார்கள்.

அந்தச் சமயத்தில் சுவீடன்காரர் அப்பாவிடம் ஒரு உதவி கேட்டார். அவர் பிறந்த தீவில் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். தீவின் சரித்திரம், கடற்கரைகள், நடைபாதைகள் எல்லாம் அதில் வருமாம். சரித்திரத்தை அவரே எழுதிவிட்டார். படம் மட்டும் அவருக்கு வராது. பெரிய எஞ்சினியர்தான், ஆனால் அவர் வரைந்த தீவு கடித்துப் போட்ட அப்பளம் போல இருந்தது. நீ வரைந்து தருவாயா என்று கேட்டார். கேட்டது உதவிதான். ஆனால் பட்டியல் எழுதுகிறவர் கேட்கிற உதவி. அப்பா உடனே சரி என்று சொல்லிவிட்டார்.

அங்கே மதியம் ஒரு மணிக்கு வேலையை நிறுத்திவிட்டு நான்கு மணிக்கு மறுபடி போவார்கள். வெயில் அப்படி. அந்த மூன்று மணி நேரம் ஊர் முழுக்கத் தூங்கும். அப்பாவும் முன்பெல்லாம் சாப்பிட்டுவிட்டு ஏசிக்கு நேராகத் தரையில் துண்டை விரித்துப் படுப்பார். எனக்கும் அம்மாவுக்கும் பக்கத்தில் இடம் விடுவார். தீவு வந்த பிறகு அந்தப் படுக்கை போனது. சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, நெற்றியில் துண்டைக் கட்டி, மணிக்கட்டுக்கு அடியில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு டிராயிங் போர்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஒரு சொட்டு வியர்வை டிரேசிங் பேப்பரில் விழுந்தால் மை பரவி, செய்ததெல்லாம் வீணாகிவிடும். மின்சாரம் போகிற நாட்களில் நான் பக்கத்தில் நின்று, காற்று அவர் முகத்தில் படும்படி, பேப்பரில் படாதபடி விசிறுவேன்.

வரைந்துகொண்டே அப்பா அந்தத் தீவின் கதையைச் சொல்வார். சுவீடன்காரர் சைட்டில் சொன்னதை வீட்டில் வந்து எங்களுக்குச் சொல்வது. ஒரு காலத்தில் அங்கே மீன் பிடிப்பதும் ஆடு மேய்ப்பதும்தான் பிழைப்பு. ஒரு சண்டையில் எதிரிக் கப்பல்கள் வந்து வீடுகளையெல்லாம் கொளுத்த, ஜனங்கள் மாட்டின் வாயைக் கட்டி இழுத்துக்கொண்டு காட்டுக்குள் ஒளிந்தார்களாம். பிறகு திரும்பி வந்து அதே இடத்தில் அதே மாதிரி கட்டினார்கள். குளிர்காலத்தில் சுற்றியிருக்கிற கடல் உறைந்துவிடும், அதன் மேல் நடந்தே அக்கரைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவார்கள் என்று அப்பா சொன்னபோது நான் நம்பவில்லை. எங்கள் வீட்டுக் குழாயில் பச்சைத் தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை. மொட்டை மாடித் தொட்டியில் காய்ந்து, அடுப்பில் வைக்காமலே கொதித்து வரும்.

கடற்கரை நான்கு. வடக்கே ஒன்றில் மட்டும் வெள்ளை மணல். மற்ற மூன்றும் பாறை. பனிக்கட்டி தேய்த்துத் தேய்த்து முதுகு போல வழவழவென்று ஆன பாறை. நடைபாதை மூன்று. மரங்களில் பூசியிருக்கிற வண்ணத்தைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். சிவப்புப் பாதை தீவை ஒரு சுற்றுச் சுற்றி வரும். நீலம் சர்ச்சிலிருந்து காட்டு வழியே கலங்கரை விளக்கத்துக்கு. மஞ்சள் ரொம்பச் சின்னது. ஊரிலிருந்து ஒரு பாறை மேட்டுக்கு ஏறி அங்கேயே நின்றுவிடும். அந்த மேட்டில் நின்றுதான் அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன்மாரின் படகு வருகிறதா என்று பார்ப்பார்களாம். வண்ணத்தில் அச்சடிக்க வசதியில்லாததால், சிவப்புக்கு நீளக் கோடு, நீலத்துக்குக் குட்டைக் கோடு, மஞ்சளுக்குப் புள்ளி புள்ளியாக என்று அப்பா பிரித்து வரைந்தார்.

அம்மா இதையெல்லாம் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். கேட்காத மாதிரிதான் இருக்கும். ஒரு நாள், சிவப்புப் பாதையில் கிளம்பினால் முழுசாகச் சுற்றி வர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள். இரண்டரை மணி நேரம் என்றார் அப்பா. "அப்ப எங்க போனாலும் ரெண்டரை மணி நேரத்துல வீட்டுக்கு வந்துடலாம்" என்றாள் அம்மா. அப்பா பேனா முனையைத் துடைத்தார்.

படத்தில் கஷ்டமானது கரையோ பாதையோ இல்லை, எழுத்துத்தான். அந்தப் பாஷையில் சில எழுத்துகளுக்குத் தலையில் இரண்டு புள்ளி உண்டு. சிலதுக்கு ஒரு குட்டி வட்டம். படத்தில் எள்ளளவு எழுத்து, அதன் தலையில் எறும்பின் கண்ணளவு புள்ளி. அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு வைப்பார். ஆங்கில 'ஓ' எழுத்துக்கு மேலே இரண்டு புள்ளி வைத்தால், அந்த ஒற்றை எழுத்துக்கே அவர்கள் பாஷையில் தீவு என்று அர்த்தமாம். அங்கே இருக்கிற குட்டித் தீவுகளின் பெயரெல்லாம் அந்த எழுத்தில்தான் முடியும்; ஏரி என்கிற சொல்லும் அப்படித்தான். இதை அப்பா சொன்னபோது அம்மா அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்து பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் தமிழ் டீச்சர். "நம்ம பூ, தீ மாதிரி. ஓரெழுத்து ஒருமொழி" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷத்தில் அவள் எதையாவது அவ்வளவு ஆசையாகப் பார்த்து எனக்கு ஞாபகமில்லை.

அம்மாவுக்குப் புள்ளி என்றால் உயிர். எனக்குப் பள்ளிக்கூடத்தில் எல்லாம் ஆங்கிலம். வீட்டில் சாயங்காலம் அம்மா சொல்வதெழுதுதல் வைப்பாள். நான் அவசரத்தில் புள்ளிகளை விட்டுவிடுவேன். 'அப்பா' என்பதை 'அபபா' என்றும் 'வெல்லம்' என்பதை 'வெலலம' என்றும் எழுதியிருக்கிறேன். எங்கேயோ நின்று தாளிக்கிறவள், அங்கிருந்தே பார்த்து, மூணாவது வரியில் புள்ளி எங்கே என்பாள்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிப் படம் முடிந்தது ஒரு வியாழக்கிழமை மதியம். மறுநாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. சுவீடன்காரர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்து படத்தை வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை லீவில் ஊருக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. அப்பா கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு, மை காயட்டும் என்று போர்டிலேயே விட்டு எழுந்தார். கண்கள் சிவந்திருந்தன. கான்கிரீட் போடுகிறார்கள் என்று சைட்டிலிருந்து ஆள் வந்ததால் படுக்கக்கூட நேரமில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். காய்ந்ததும் சுருட்டி வை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அம்மா ரொம்ப நேரம் போர்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் வீட்டுப்பாடக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு என்னைக் கூப்பிட்டாள். அப்பாவின் பாதி பிளேடு அவள் கையில் இருந்தது. டிரேசிங் பேப்பரில் தப்பு வந்தால் ரப்பரால் அழிக்க முடியாது, பிளேடால் மையை மட்டும் மேலாகச் சுரண்டி எடுக்கவேண்டும். அப்பா செய்து நான் பார்த்திருக்கிறேன்.

"ஈ வந்து எச்சம் வெச்சிருக்கு கண்ணு. அப்பா வர்றதுக்குள்ள சுத்தம் பண்ணிடலாம். காகிதம் கிழியாம சுரண்டு" என்றாள்.

எனக்கு ஒரே பெருமை. அப்பாவின் பிளேடை நான் தொட்டாலே அதட்டுவார்கள். குனிந்து பார்த்தபோது ஒரு சந்தேகம் வந்தது. "இது தீவுப் புள்ளி இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல. ஈ எச்சம்தான்" என்றாள் அம்மா. எதையெல்லாம் எடுக்கவேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டினாள். பிறகு பேப்பர் நகராமல் ஓரத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எழுத்துகளின் தலையில் இருந்ததை நான் ஒன்றுவிடாமல் சுரண்டினேன். குட்டி வட்டங்களையும் சேர்த்துத்தான். எனக்குக் கை சுத்தம், ஒரு இடத்திலும் கிழியவில்லை. முடிந்ததும் அம்மா துகளை ஊதிவிட்டு, படத்தைச் சுருட்டி, என் தலை ரிப்பனால் கட்டி அலமாரிக்கு மேலே வைத்தாள். அன்றைக்குச் சொல்வதெழுதுதல் இல்லை, போய் விளையாடு என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சுவீடன்காரர் வந்தார். காரமில்லாத சாம்பார், உருளைக்கிழங்கு, அப்பளம், சேமியா பாயசம். கரண்டியால் சாப்பிட்டார், அப்பளத்தைக் கையால் உடைக்கலாம் என்று தெரிந்ததும் குழந்தை போலச் சந்தோஷப்பட்டார். சாப்பிட்டு முடிந்ததும் அப்பா மேஜையைத் துடைத்து, காயவிட்டு, ரிப்பனை அவிழ்த்துப் படத்தை விரித்தார். விரித்துவிட்டு, தான் பார்க்காமல் அவர் முகத்தைத்தான் பார்த்தார்.

சுவீடன்காரர் வடக்கிலிருந்து ஆரம்பித்து விரலை வைத்துப் பாதை பாதையாகப் போனார். முதலில் சிரித்த முகமாக இருந்தது. பிறகு விரல் நின்றது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். எங்கே அந்தப் புள்ளிகள் என்று மெதுவாகக் கேட்டார்.

அப்பா அப்போதுதான் குனிந்தார். சுரண்டிய இடத்தில் பேப்பர் லேசாக மங்கியிருக்கும். வேறு யாருக்கும் தெரியாது, டிராஃப்ட்ஸ்மேனுக்குத் தெரியும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, பாயசக் கிண்ணத்தோடு நின்றிருந்த அம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வை கொஞ்சம் நீளமாகவே இருந்தது. "என் தப்பு சார். படத்துல விழுந்த தூசின்னு நினைச்சு நான்தான் எடுத்தேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

சுவீடன்காரர் மறுபடி படத்தைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று நினைத்தேன், சிரிக்கிறார். விரலால் தொட்டுத் தொட்டு, "தீவு மாஃபி, ஏரி மாஃபி, இங்கேயும் தீவு மாஃபி" என்று எண்ணிக்கொண்டே போனார். கிழக்கே ஓர் இடத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார். இந்தக் கடற்கரைக்கு ஆட்டு வளைகுடா என்று பெயர், அந்தக் காலத்தில் ஆடுகளைக் குளிப்பாட்ட ஓட்டி வருகிற இடம் என்றார். எழுத்தின் தலையிலிருந்த வட்டத்தை எடுத்துவிட்டால் ஆடு என்பது அப்பா என்று ஆகிவிடுமாம். ஆடுகளெல்லாம் போய்விட்டன, இப்போது உன் அப்பாதான் இங்கே இருக்கிறார் என்று சொல்லி மறுபடி சிரித்தார். அப்பாவும் சிரித்தார். சிரிக்க வேண்டுமே என்று சிரித்த சிரிப்பு.

பிறகு அப்பாவின் மைப் பேனாவை வாங்கி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அவரே உட்கார்ந்து புள்ளிகளை வைக்க ஆரம்பித்தார். வரையத் தெரியாதே தவிர, புள்ளி வைக்கத் தெரிந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் அந்த இடத்தைப் பற்றி ஏதாவது சொன்னார். இங்கே அவர் தாத்தாவின் படகு உடைந்தது, இந்தக் குளத்தில் நீச்சல் பழகினார் என்று. ஆட்டை மறுபடி ஆடாக்கினார். அப்பா குற்றவாளி போலப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் மெல்லத் தொண்டையைச் செருமி, இதனால் ஜுபைல் பட்டியலுக்கு ஒன்றும் பாதகம் வராதே சார் என்று கேட்டார்.

சுவீடன்காரர் புரியாமல் பார்த்தார். "பட்டியலா? அது போன மாசமே கலாஸ். முதல் பேரே உன்னுதுதானே. யாரும் சொல்லலையா?" என்றார்.

படம் வரைய அவர் கேட்டதற்கும் பட்டியலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்பாவின் கையெழுத்து பிடித்திருந்ததால் கேட்டார், அவ்வளவுதான். வரையமாட்டேன் என்று சொல்லியிருந்தாலும் பெயர் இருந்திருக்கும். அந்த ஒரு மாத மதியங்களிலும் அப்பா எங்கள் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கலாம். அதை அவர் அப்போது கணக்குப் பார்த்தாரோ என்னவோ, தேங்க் யூ சார் என்று சொன்ன குரலில் ஜீவனே இல்லை.

அப்பா ஜுபைலில் ஒன்பது வருஷம் பேச்சிலராக இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. ஒவ்வொரு லீவிலும் என் உயரத்தைப் பார்த்துத் திகைப்பார். புத்தகம் திருச்சிக்குத் தபாலில் வந்தது. படத்துக்குக் கீழே அப்பாவின் பெயரை அச்சடித்திருந்தார்கள். ஈ எச்சம் பற்றி அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அம்மாவிடம் கேட்டாரா, எனக்குத் தெரியாது. அம்மா அதைத் தன் கையால் செய்யாமல் ஏன் என் கையால் செய்யவைத்தாள் என்று மட்டும் இப்போதும் சில சமயம் நினைத்துக்கொள்வேன். குழந்தை செய்தால் மன்னித்துவிடுவார்கள் என்று இருக்கலாம். எழுதியிருக்கிற புள்ளியை அழிக்க ஒரு தமிழ் டீச்சருக்குக் கை வராமல் போயிருக்கலாம். கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை. இப்போது கேட்க அவளும் இல்லை.

அன்றைக்குச் சுவீடன்காரர் பட்டியல் முடிந்துவிட்டது என்று சொன்னதுமே அம்மா கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். அடுப்பங்கரையில் சுவரைப் பார்த்துக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. தன் கண்ணுக்கே புள்ளி எது எச்சம் எது என்று தெரியாமல் போய், அப்பாவைத் தலைகுனிய வைத்துவிட்டோமே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. எனக்கே தினமும் எத்தனை தப்பு வருகிறது. இடுப்பைக் கட்டிக்கொண்டு, அவள் எனக்குச் சொல்கிற மாதிரியே தட்டிக் கொடுத்துச் சொன்னேன்.

"அழாதம்மா. அவரு எல்லாப் புள்ளியையும் திரும்ப வெச்சுட்டாரு. ஒண்ணும் கெட்டுப்போகல."